ஒத்த இழையில் தொங்கும் வேலை

1.
எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் தினம் ஓர் ஆங்கில மரபுத்தொடரும் அதன் அர்த்தமும் போட்டு வந்தேன். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் சுலபமான வேலை. 'அண்டர் தி வெதர்' என்றால் உடம்பு சரியில்லை. மூன்றாம் நாள் 'ஹேங்கிங் பை எ த்ரெட்': ஒரு நூலில் தொங்குகிறது, அதாவது எந்த நிமிடமும் போய்விடும். அதைப் போடவில்லை. கதையாகிவிட்டது.

2.
காஞ்சிபுரம் செவிலிமேட்டில் பேருந்துக்குக் காத்திருந்த தபஸ்ஸும், காலை வெயிலில்...

(வேண்டாம். பேருந்தில் தொடங்கும் கதைகள் போதும்.)

தபஸ்ஸுமுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. அதற்காக இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள். வேலை போனால் மூன்றாமவர் தயார். ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதம். மேனேஜர் லோகேஸ்வரன் செய்தி அனுப்பினார்: "யுவர் ஜாப் இஸ் ஹேங்கிங் பை எ த்ரெட்."

அவளுடைய அத்தா அப்துல் சத்தார், நெசவாளர்களுக்கு முறுக்கேற்றிய பட்டு நூல் விற்பவர். முறுக்கு ஏற ஏற நூலுக்குப் பலம்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி இருக்குது?"

"என் வேலை ஒத்த இழையில தொங்கிக்கினு இருக்குதாம், அத்தா."

(இங்கே அவளை அழவிட்டேன். பிறகு அழித்தேன். சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னாலே புரியும் என்று அவள் நினைத்தாள். நானும்.)

"எந்த இழை? நம்ம பட்டா?"

"அத்தா!"

"கேக்கறேன்மா. பட்டுன்னா உன்னையே கட்டித் தொங்கவுட்டாலும் அறுவாது. நல்ல மனுசன் உங்க மேனேஜரு. காஞ்சிபுரத்துப் பொண்ணுன்னு தெரிஞ்சி சொல்லிக்கிறாரு."

3.
அவள் குளிக்கப் போனாள். மேனேஜரின் செய்தி திறந்தபடியே போன் மேசைமேல் கிடந்தது. அப்துல் சத்தாருக்கு டைப் செய்யத் தெரியாது, குரல் செய்தி தெரியும்.

"வணக்கம் சார். தபஸ்ஸும் அத்தா பேசறேன். பொண்ணு வேலைய இழையில கட்டி வெச்சிருக்கீங்களாமே, ரொம்ப சந்தோசம். முறுக்கு தளந்துச்சின்னா சொல்லுங்க சார், நானே வந்து ஏத்திக் குடுக்கறேன்."

4.
தலை துவட்டிக்கொண்டே வந்தவள் அதைப் போட்டுக் கேட்டாள்.

"அத்தா, வேலை போவப் போவுதுன்னு அர்த்தம் அதுக்கு."



"அதுக்கு நூலு மேல ஏம்மா பழி போடறாரு?"

இரண்டு டிக்கும் நீலமாயின. 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

5.
முதல் முடிவில் வேலை போனது. இரண்டாவதில் லோகேஸ்வரனின் தாத்தா நெசவாளி, எல்லாம் மன்னிக்கப்பட்டது. ரொம்ப வசதியாக இருந்ததால் அழித்துவிட்டேன். மூன்றாவதில் அவர்...

தெரியவில்லை. அவர் இன்னும் டைப் செய்துகொண்டிருக்கிறார். உங்களுக்கும் ஒரு மேனேஜர் இருப்பார், அல்லது நீங்களே மேனேஜராக இருப்பீர்கள். அந்தப் பதிலை நீங்கள் டைப் செய்யுங்கள். மரபுத்தொடர் மட்டும் வேண்டாம். அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.