என் பக்கம்

"எந்தக் கால்மா சில்லுனு இருக்கு?" என்று வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் கேட்டபோது, அவள் போர்வைக்குள் கைவிட்டுக் கணவரின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் பக்கம்" என்றாள்.

நோட்டில் எழுதப் போன நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். "உங்க பக்கம்னா எந்தப் பக்கம்? காலைல நான் வந்தப்ப ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தீங்க. இப்ப கதவு ஓரமா இருக்கீங்க. நீங்க இடம் மாறினா பக்கமும் கூடவே வருமா? இடதா வலதானு சொல்லுங்க."

"இடது."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். ஒரு கால் முதலில் குளிர்வதுண்டு, அடுத்ததும் அப்படியே ஆகும், பக்கத்திலேயே இருங்கள் என்று மகளைத் தள்ளி அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்த அறையில் தாழ்ந்த குரலுக்குப் போக வேறு இடம் இல்லை. அவளுக்கும் கேட்டது.

அவள் அலமாரியிலிருந்து சாம்பல் நிறக் கம்பளிச் சாக்ஸை எடுத்து இடது காலுக்குப் போட்டுவிட்டாள். வலது கால் இன்னும் நல்ல சூடாகத்தான் இருந்தது. அதற்கு இப்போது என்ன அவசரம் என்று மற்றொரு சாக்ஸை மடித்துத் தலையணை ஓரம் வைத்தாள்.

படகு மெக்கானிக்கான அவள் கணவர் கண்ணை மூடியபடியே உதட்டை அசைத்தார். ஒன்பது நாளாக அதே பேச்சுதான்.

"ரெண்டு சீசன்தான் ஓடியிருக்கு. அதுக்குள்ள எப்படித் துருப்பிடிக்கும்?"

"அதை விடுங்கப்பா" என்றாள் மகள். அவருடைய விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேலை மறந்துபோச்சு" என்றார் அவர்.

முப்பத்தைந்து வருஷமாக ஏரிக்கரைப் படகுகளின் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய மனிதர். இதயம் இனி தாங்காது என்று டாக்டர் சொன்னபோது, 'சரி, வீட்டுக்குப் போகலாம்' என்று மட்டும் சொன்னவர். இந்த ஒரு விஷயத்தைத்தான் அவரால் விட முடியவில்லை. கொட்டகையில் நிற்கும் கடைசிப் படகு அது. தண்ணீரில் சறுக்குகிறவர்களைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போகிற படகு. அதன் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புகைக்குழாய். பம்பு ஏரித் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைச் சுற்றவிட்டு, கடைசியில் இரண்டு குழாய்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். சமமாகப் போனால் இரண்டும் கை பொறுக்கிற சூட்டில் இருக்கும். எந்தப் பக்கம் தண்ணீர் குறைகிறதோ அந்தப் பக்கம் கொதிக்கும். இந்தப் படகில் ஒரு பக்கம் கொதித்தது.

கையால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் அவருக்குத் தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சூடான குழாயின்மேல் கையை ஊன்றியபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தோல் பொசுங்குகிற வாடை வந்து அவள்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். சர்க்கரை வியாதி விரல்களிலிருந்த உணர்ச்சியை வழித்துக்கொண்டு போயிருந்தது. கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, "யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கொட்டகைக்கு வந்தாள். எஞ்சினின் ஒரு புறம் கருவிப் பெட்டிமேல் அவர், எதிர்ப்புறம் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் அவள். அவள் தொட்டுச் சொல்வாள், அவர் கழற்றுவார். பார்க்கிறவர்களிடம், "வீட்டுக்காரிக்குக் கைராசி" என்று சிரித்து மழுப்பிவிடுவார். மகள் வாங்கிக் கொடுத்த சூடு பார்க்கும் கருவி இன்னும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. "அதுக்கு பேட்டரி வேணும். இவளுக்கு ஒரு டீ போதும்" என்பார்.

இடது, வலது என்று அவர்கள் சொல்வதில்லை. படகுக்கு ஒரு இடது, எஞ்சினைப் பார்த்து நிற்பவருக்கு ஒரு இடது என்று ஆரம்பத்தில் நிறையச் சண்டை வந்தது. அதனால் 'உங்க பக்கம்', 'என் பக்கம்'. பழுது சரியாகி இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால், 'ரெண்டும் ஒண்ணு'. அதைக் கேட்டதும் அவர் பழைய துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பத்து நாளுக்கு முன்னால் அவரால் படகில் ஏற முடியவில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளை ஏறச் சொன்னார். அவள் எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்து, "என் பக்கம்" என்று குரல் கொடுத்தாள். மறுநாள் காலை அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், என்ன தெம்பு வந்ததோ, அவர் தனியாக ஏறி அவள் பக்கத்து ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டார். துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அப்படியானால் புகைக்குழாயே உள்ளுக்குள் துருவேறிப் போயிருக்க வேண்டும், புதிதுதான் போட வேண்டும் என்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து படுத்தவர், அதன்பிறகு எழுந்திருக்கவில்லை.

'நீங்க இடம் மாறினா பக்கமும் கூடவே வருமா?' நர்ஸ் கேட்டது மறுபடி நினைவுக்கு வந்தது.

அவள் சாக்ஸ் போட்ட காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்கு அவள் வாளியில் உட்காரவில்லை. எஞ்சினை முடுக்கச் சாவி இருக்கிற பக்கம் போக வேண்டியிருந்தது. அது அவர் பக்கம். கருவிப் பெட்டிமேல், அவருடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான், பக்கத்தில் கொதித்த குழாயைத் தொட்டு 'என் பக்கம்' என்று கத்தியிருக்கிறாள். மறுநாள் அவர் பாவம் எட்டு வருஷத்து வழக்கப்படி வாளிப் பக்கத்தைக் கழற்றியிருக்கிறார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவள் வாய் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இந்த மனிதர் போகப்போகிறாரே என்று நினைத்தாள்.

எழுந்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. ஒரு மணி நேரமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். எங்கயும் போகாதீங்க."

"கொட்டகைக்குப் போயிட்டு வந்துடுறேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, இப்பப் போய் படகா? உனக்கு என்ன ஆச்சு?"

"பத்து நிமிஷம். ஜன்னலைத் திறந்து வை. ஏதாவது ஒண்ணுன்னா திரையை இழுத்து விடு, அங்கிருந்தே தெரியும்." கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். மகளின் கைகளை எடுத்து அவருடைய முழங்கைக்குக் கீழே வைத்தாள். "விரலைப் பிடிச்சா அவருக்குத் தெரியாது. இங்க பிடி."

"தெரியாதுன்னா?"

"எட்டு வருஷமா தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கொட்டகை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. டிரெய்லரின்மேல் நின்ற படகில் ஏணி வைத்து ஏறினாள். எஞ்சின் மூடியைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள். கருவிப் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, தண்ணீர் வரும் ரப்பர்க் குழாயின் பட்டையைத் திருகுளியால் தளர்த்தினாள். அவர் கழற்றும்போது வழுக்கிக்கொண்டு வருவது அவளிடம் அடம்பிடித்தது. இரண்டு கையாலும் முறுக்கி இழுத்ததும் பொளக்கென்று வந்தது. உள்ளே சுண்டுவிரலை விட்டாள். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது.

நகத்தால் நெம்பி எடுத்தாள். பம்புக்குள் சுற்றுகிற ரப்பர்ச் சக்கரத்தின் ஒரு இதழ். போன வருஷம் இந்தப் படகின் சக்கரம் பிய்ந்துபோய் அவர் மாற்றியிருந்தார். இதழ்களைப் பொறுக்கி எடுத்து மேசைமேல் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. தண்ணீரோடு வெளியே போயிருக்கும் என்று விட்டுவிட்டார். அது போகவில்லை, இங்கே வந்து வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதழோடு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவர் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். தொட்டுப் பார்க்காமல் அந்த வார்த்தையை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. குழாயை மாட்டி இறுக்கினாள். இறங்கி, தரையில் நிற்கும் படகின் பம்புக்குத் தண்ணீர் போகும் டிரம்மை நிரப்பி, அதன் தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டாள். மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

இனி சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. அவள் எஞ்சினின்மேல் குனிந்து, இந்தக் குழாயில் ஒரு கை, அந்தக் குழாயில் ஒரு கை வைத்துக்கொண்டு, கண்ணை ஜன்னலில் வைத்தாள். திரை அசைந்தபோதெல்லாம் காற்றா, மகளா என்று உற்றுப் பார்த்தாள். இரும்பு முதலில் குளிர்ந்துதான் இருந்தது. பிறகு வெதுவெதுப்பு வந்தது. இரண்டு கையிலும் சேர்ந்தே வந்தது. நன்றாகச் சூடேறிய பிறகும் இரண்டும் கை பொறுக்கிற சூட்டிலேயே நின்றன. ஒரு பக்கத்தை மற்றொன்று முந்தவே இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஏணியின் கடைசி இரண்டு படியை விட்டுக் குதித்தாள். அறுபத்தோரு வயதில் குதிக்கிற காரியமில்லை.

"சத்தம் கேட்டதும் அப்பா கண்ணைத் திறந்துட்டாரும்மா" என்றாள் மகள். அவள் கை முழங்கைக்குக் கீழேயே இருந்தது.

கட்டிலோரம் உட்கார்ந்து அவர் முகத்தருகே குனிந்தாள். "ஏங்க, இங்க பாருங்க. துரு இல்ல. ரப்பர். போன வருஷம் காணாமப் போச்சே, அந்த இதழ்."

அவர் அதைப் பார்த்தார். பார்வை அங்கே வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம். அன்னிக்கு நான் உங்க இடத்துல உக்காந்துக்கிட்டு என் பக்கம்னு சொல்லித் தொலைச்சிட்டேன். நீங்க கழட்டிப் பாத்தது சரிதான். தப்பு என்னோடது. உங்களுக்கு வேலை ஒண்ணும் மறக்கல."

நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. உதட்டோரத்தில் பழைய குறும்பு எட்டிப்பார்த்தது.

"என் இடத்துல... உன்னை யாரு... உக்காரச் சொன்னது?"

"நீங்கதான். வேற யாரு சொல்லி நான் கேட்டிருக்கேன்?"

மூச்சு ஒரு தரம் வந்து போயிற்று. "ரெண்டும்?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணு."

போர்வையின் ஓரத்தை அவர் வலது கை தேடிப் பிடித்தது. இடது கையின் கட்டைவிரலைத் துடைத்தார். ஆள்காட்டி விரலைத் துடைத்தார். நடுவிரலை, மோதிர விரலை. சுண்டுவிரலுக்கு வருவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. கை அப்படியே போர்வைமேல் கிடந்தது.

நர்ஸ் எதற்கு என்று புரியாமல் மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

பகல் சாய்வதற்கு முன்பு மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு இடைவெளிக்குப் பிறகு மூச்சு வரவில்லை. நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். மகள் அவருடைய முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, அழுகை கொஞ்சம் அடங்கும்வரை நின்றாள்.

பிறகு கால்மாட்டுக்குப் போனாள். இடது காலிலிருந்த சாக்ஸைக் கழற்றினாள். இந்தக் காலில் ஒரு கை, அந்தக் காலில் ஒரு கை வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே குளிருக்கு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். இடது காலுக்குச் சாக்ஸைத் திரும்பப் போட்டாள். தலையணை ஓரத்திலிருந்த மற்றதையும் எடுத்து, உள்ளே கைவிட்டு விரித்து, வலது காலுக்குப் போட்டுவிட்டாள்.