டிஸ்க்கில் வைத்த பொட்டு

மலை மேலிருந்து சைக்கிளில் இறங்குவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, இதில் ஏதோ ஏமாற்று வேலை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சைக்கிளுக்கு இரும்புக் குழாய் செய்கிற கம்பெனி எங்களுடையது. முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தான். நம் குழாயில் செய்த சைக்கிளை நம் ஆட்களே ஓட்டிப் பெரிய போட்டிகளில் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு டீம் ஆரம்பித்தான். 2008-ஆம் வருஷம் அது. நான், சுப்பராயன், அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். அதற்கு முன்னால் பொன்னேரியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன். வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் போனேன்.

எங்கள் பக்கம் எல்லாம் தட்டைத் தரை. மலை வேண்டுமானால் ஆந்திரா எல்லையைத் தாண்டி வரதய்யபாளையம் பக்கம் போக வேண்டும். ஆரம்பத்தில் உருக்காலைக் கசடு கொட்டி வைத்த மேட்டில்தான் ஆட்களைப் பழக்கினார் மேனேஜர் ஆராவமுதன். திருவள்ளூர்க்காரர், இன்ஜினியர். ஒரே பள்ளத்தை நாள் முழுக்கத் தாண்ட வைப்பார். அதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டி, முட்டி எங்கே இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்று திட்டுவார். கம்பெனி ஆட்களில் நிறையப் பேர் ஆசையாக வந்தார்கள். கை கால் தோல் உரிந்ததும் பாதிப் பேர் மெஷினுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். நின்றவர்களில் சொல்லும்படி இருந்தது இரண்டு பேர்தான்.

ஒருவன் மணவாளன். பேக்கிங் செக்‌ஷன். அவனுக்குப் பயமும் கிடையாது, வாயும் அடங்காது. இன்னொருவன் அஃப்தாப். பழவேற்காட்டில் வலைக்கயிறு வியாபாரம் செய்கிற குடும்பம். அதிகம் பேச மாட்டான். ஏறுவதற்கு முன்னால் வண்டியைக் குனிந்து குனிந்து பார்ப்பான். நான் முறுக்கிய போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கிப் பார்ப்பான். அது எனக்குப் பிடிக்காது. மணவாளனுக்கும் அவனுக்கும் உயிர்ச் சிநேகம். ஆனால் நீலகிரிப் போட்டிக்கு ஒருவனைத்தான் அனுப்புவதாக இருந்தது. எவன் என்று முடிவாகவில்லை.

சைக்கிள்கள் பெட்டியில் வந்தன. பிரேக்கு என்றால் எனக்குத் தெரிந்தது ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் கட்டை. இதில் அது இல்லை. சக்கரத்தின் நடுவில் கையகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு. டிஸ்க் என்றார்கள். அதை இரண்டு பக்கமும் இரண்டு சின்ன பேட் கடித்துப் பிடிக்கும்.

"இத வெறுங்கையால தொடக்கூடாது சுப்பராயன். கையில இருக்கிற பிசுக்கு பட்டாலே போதும், புடிப்பு போயிடும்" என்றார் ஆராவமுதன்.

சரி சார் என்றேன். நம்பவில்லை. படித்தவர்கள் இப்படித்தான், தாங்கள் படித்தது வீண் போகக்கூடாது என்று எதையாவது சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் அன்றைக்கு எல்லா மெஷினையும் கழுவி, எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். எண்ணெய் பட்டால்தான் இரும்பு மினுக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். சைக்கிள்களையும் அப்படியே செய்தேன். பொட்டு எங்கே வைப்பது என்று பார்த்தால், வண்டியில் முகம் மாதிரி இருந்தது அந்த டிஸ்க்தான். முன் சக்கரத்து டிஸ்க்கை எண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்து, மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். முதலாளி மகன் வந்து தீபாராதனை பார்த்தான். அஃப்தாப் ஓரமாக நின்றான். பொரியும் சுண்டலும் வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் விஜயதசமி. மற்றவர்கள் லீவில் ஊருக்குப் போய்விட்டார்கள். நல்ல நாளில் மலையில் ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம் என்று இவர்கள் இரண்டு பேரை மட்டும் வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். காலையில் நான் ஷெட்டுக்குள் போனேன். அஃப்தாப் ஸ்பிரிட் பாட்டிலும் துணியுமாகக் குந்தியிருந்தான். அவன் வண்டி டிஸ்க்கில் பொட்டு இல்லை, துடைத்து எடுத்துவிட்டான். இப்போது மணவாளன் வண்டியில் துணியை வைக்கப் போனான்.

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

"டேய் பாய், இன்னா பண்ற?"

"தொடைக்கிறேன் மேஸ்திரி. எண்ணெ இருக்குது. பிரேக்கு—"

"நேத்து வெச்ச பொட்ட இன்னிக்கே அழிக்கிறியா? அது தானா போற வரைக்கும் எவனும் தொட மாட்டான் எங்க ஊர்ல. ஒனக்கு ஆவலன்னா ஒன் வண்டியோட நிறுத்திக்க. அடுத்தவன் வண்டி மேல இன்னாத்துக்குக் கைய வெக்கிற?"

"மேஸ்திரி, அது இல்ல விஷயம்…"

"எனக்கே சொல்லித் தர வந்துட்டியா? எழுந்து போடா."

அவன் பாட்டிலை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். வேனில் மணவாளன் வழியெல்லாம் அவனைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். "இன்னாடா, மூஞ்சி உப்பின கருவாடு மாதிரி கீது?" என்று கேட்டான். அஃப்தாப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவர்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மணவாளன் முதலில் இறங்கினான். நானும் மேனேஜரும் கீழே நின்றோம். புதர் நடுவில் அவன் சிவப்பு ஹெல்மெட் தெரிவதும் மறைவதுமாக வந்தது. பாறை வளைவுக்கு முன்னால் எப்போதும் வேகம் குறையும். அன்றைக்குக் குறையவில்லை. "பிடிடா, பிடிடா!" என்று மேனேஜர் கத்தினார். வண்டி வளைவைத் தாண்டிப் பாறைக்குள் போனது.

தார்ப்பாயில் போட்டுத்தான் தூக்கி வந்தோம். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. வழியெல்லாம் "அம்மா, அம்மா" என்றுதான் அரற்றினான். கும்மிடிப்பூண்டியில் கட்டுப் போட்டு, அங்கிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயந்திரம் முதலாளி மகனும் மேனேஜரும் ஷெட்டுக்கு வந்தார்கள். "முன் பிரேக்கு சுத்தமா பிடிக்கல. பின் பிரேக்கு மட்டும் அந்த இறக்கத்துக்குப் போதாது. காலைல வண்டிய யாராவது தொட்டாங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "அந்த பாய்தான் சார். காத்தால மணவாளன் வண்டி பிரேக்குல கைய வெச்சிக்கினு இருந்தான். நான் பாத்துத் தொரத்துனேன்."

பொய் இல்லை. கண்ணால் பார்த்ததுதான். பொட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நீலகிரிக்கு ஒருவன்தான் போக முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். அஃப்தாப்பைக் கூப்பிட்டு, வண்டியைத் தொட்டாயா என்று கேட்டார்கள். "தொட்டேன் சார்" என்றான். எதற்கு என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த நிற்பைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. இவன்தான் என்று நினைத்தேன். வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை போலீஸில் எழுதிக் கொடுக்கப் போவதாக முதலாளி மகன் சொன்னான்.

மறுநாள் மதியம் உடைந்த வண்டியைப் பிரித்தேன். எந்தத் திருகை அவன் கழற்றினான் என்று கண்டுபிடிக்கத்தான் பிரித்தேன். எல்லாத் திருகும் நான் முறுக்கியபடியே இருந்தது. பிரேக்குக்கு எண்ணெய் போகிற குழாயில் ஒரு கீறல் இல்லை. டிஸ்க்கைக் கழற்றினேன். அதில் இருக்கிற ஓட்டைகளில் மஞ்சளாக அப்பியிருந்தது. பேட் இரண்டும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. எடுத்து மோந்து பார்த்தேன். சந்தனம். அதற்கு அடியில் எங்கள் மெஷின் எண்ணெய்.

அஃப்தாப் வண்டியைத் தூக்கி முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை ஒரு விரலால் தொட்டேன். சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது.

அப்புறம் நான் செய்ததையும் சொல்கிறேன். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து டிஸ்க்கைத் துடைத்தேன். ஓட்டை ஓட்டையாகக் குச்சி விட்டுத் துடைத்தேன். புதிதாகிவிட்டது. பேட்டைத் துடைத்தேன், போகவில்லை. மேலே போனால் உள்ளேயிருந்து கசிகிறது. உப்புத்தாளில் தேய்த்தேன். மறுபடியும் கசிந்தது. ஒருவன் தொடை உடைந்து கிடக்கிறான், இன்னொருவனைப் போலீஸ் தூக்கப் போகிறது, நான் பேட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே போட்டேன். பிறகு பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

ஆராவமுதன் பேட்டை மோந்து பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"நான் சொன்னேனா இல்லையா, சுப்பராயன்?"

"சொன்னீங்க சார்."

"அப்ப அவன் தொடைக்கத்தான் வந்தான்."

"ஆமா சார். நான்தான் தொரத்துனேன். பொட்ட அழிக்கிறான்னு நெனச்சிட்டேன். டிஸ்க்கக் கூட இப்ப தொடச்சிட்டேன் சார், தெரியக்கூடாதுன்னு. என்ன வேணா பண்ணுங்க."

என்னை அடித்திருந்தாலும் பரவாயில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என் மேலயும் தப்பு இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி நான் வண்டிய பாத்திருக்கணும்" என்றார். "போலீஸ் வேணாம்னு நான் சொல்லிக்கிறேன். போட்டி வரைக்கும் உங்கள விட்டா வேற ஆள் இல்ல. ஆனா அந்தப் பையனை நான் போய்க் கூப்பிட மாட்டேன். நீங்க போங்க."

பழவேற்காட்டில் அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் அம்மா நசீம் பானு கதவைத் திறந்தார். மகன் வேலை போனது அவருக்குத் தெரியும், யாரால் என்று தெரியாது. "அண்ணன் வெயில்ல வந்திருக்கீங்க. நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டு டீ கொண்டுவந்து வைத்தார். நான் டம்ளரைத் தொடவில்லை.

அஃப்தாப் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தான். பேட்டில் எண்ணெய் இருந்தது, மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"பொட்ட அழிக்கிறேன்னு நெனச்சீங்க."

"ஆமா."

"நான் பாயா இருக்கறதுனால."

தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

"ஒங்க பேச்சு எனக்குப் புதுசு இல்ல மேஸ்திரி" என்றான். "ஆனா அன்னிக்கு ரொம்ப ரோஷமாப் போச்சு. மணவாளன் வேன்ல பக்கத்துலயே உக்காந்துக்கினு வந்தான். மலை மேல நிக்கசொல்ல, 'டேய், பிரேக்குல எண்ணெ கீது'ன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது. சொல்லல. மேஸ்திரியே பாத்துக்கட்டும்னு வாய மூடிக்கினேன். அவனுக்கு இத்தினி பேஜாரு ஆவும்னு நெனைக்கல."

"அதான் அன்னிக்கு அவங்க கேக்கசொல்லயும் வாய தெறக்கலையா?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தெறக்கறது?"

அவன் தலையைக் குனிந்து நின்றது இதற்குத்தான். நான் அதைத் திருட்டு முழி என்று நினைத்தேன்.

"தப்பு என்னுது. வா, வேலைக்கு வா" என்றேன்.

"மொதல்ல அவன் கிட்ட சொல்லணும். நீங்க சொல்லுங்க. நானும் கூட வரேன்."

பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனோம். மணவாளன் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க மேஸ்திரி. பாத்தீங்களா, கால கொடிக்கம்பம் மாதிரி ஏத்தி வெச்சிட்டானுங்க."

நான் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்த் துணி, பொட்டு, அஃப்தாப்பைத் துரத்தியது, அவன் மேல் பழி போட்டது, டிஸ்க்கைத் துடைத்தது. எதையும் விடவில்லை. சொல்லி முடித்தால் அவன் கத்துவான், கையில் கிடைத்ததை எடுத்து என் மேல் எறிவான் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அஃப்தாப்பைப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"மலை மேல என் பக்கத்துலதானே நின்ன? என் ஹெல்மெட்டு வார நீதானே மாட்டி விட்ட?"

அஃப்தாப் தலையசைத்தான்.

"ஏண்டா சொல்லல?"

அஃப்தாப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "நைனா, அவன் தொடைக்கத்தான் வந்தான். நான்தான் விடல. திட்டித் தொரத்திட்டேன். அவன் மேல ஒரு தப்பும்—"

"ஒங்கள கேக்கல மேஸ்திரி."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். யார் சொன்னாலும் காது கொடுக்கிற ஆள் நான் இல்லை என்று அவனுக்கு முன்னாலேயே தெரியும் போல இருந்தது. என்னிடம் அவன் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்த்தது அஃப்தாப்பிடம்தான்.

அஃப்தாப் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மணவாளன் போகச் சொல்லவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அஃப்தாப் சொல்ல வேண்டிய பதிலை நான் குறுக்கே பேசிப் பறித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும், திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை. நான் கட்டில் கம்பியை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.