வேப்பமரத்துச் சீந்தில்

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விஜயகுமாரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே குவார்ட்டர்ஸ் பின்பக்கம் போய், வேப்பமரத்தில் ஏறியிருந்த சீந்தில் கொடியை அடியில் வெட்டினாள். வெட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இளவேனில் ஒரே மகள், காலேஜில் படிக்கிறவள். போன வருஷம் கண் மஞ்சளானபோது டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இது கிருமியால் வந்ததில்லை. நோயை எதிர்க்க வேண்டிய அணுக்களே ஆள் தெரியாமல் இவள் கல்லீரலைத் தாக்குகின்றன. அவற்றை அதட்டி வைக்கவும் உடம்பில் அணுக்கள் உண்டு. இவளுக்கு அவை சரியாக வேலை செய்யவில்லை. அந்த வேலையைத்தான் மாத்திரை செய்யும், ஆனால் எதிர்ப்பு சக்தி குறையும் என்றார். விஜயகுமாரி காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

காயப்போட்ட துணியில் சுரங்கத்துக் கரித்தூள் படிகிற ஊரில், எதிர்ப்பு சக்தி இல்லாமல் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? கொரோனா சமயத்தில் குவார்ட்டர்ஸ் பிளாக்கே கசாயம் குடித்துத்தான் தப்பித்தது என்பது அவள் நம்பிக்கை. எதிர்வீட்டுக் கமலா அப்போது கொடுத்த கொடி மரம் முழுக்கப் படர்ந்திருந்தது. மாத்திரையையும் நிறுத்தவில்லை, கசாயத்தையும் நிறுத்தவில்லை. பெற்ற மனசு சும்மா இருக்குமா?

அன்று காலை ஆஸ்பத்திரியில், மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் கேட்டார். "மாத்திரையோட வேற என்ன குடுத்தீங்க?"

"சீந்தில் கசாயம் சார். சக்திக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நாங்க அடக்கி வைக்கப் பாத்ததை நீங்க உசுப்பி விட்டிருக்கீங்கம்மா."

கல்லீரல் சுருங்கிவிட்டதாம். இனி மாத்திரை கேட்காதாம். கல்லீரல் மாற்று ஆபரேஷன் என்றாலும் இந்த உடம்பு தாங்காதாம்.

மைன்ஸில் ஷிப்ட் மாற்றிவிட்டு வந்திருந்த அவள் புருஷன் வெள்ளைச்சாமி, திரும்பும் பஸ்ஸில் வடலூர் தாண்டி மகள் கண்ணயர்ந்ததும், "நீ வேணும்னேவா குடுத்த?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மரத்தடியில் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். மாத்திரையில் உப்பிய முகத்தோடு மகள் படுத்திருந்தாள்.

"ஏம்மா, இன்னைக்குக் கசாயம் வைக்கலியா?"

ஒருநாளும் முகம் சுளிக்காமல் குடித்தவள்.

"வேணாம்டா கண்ணு."

அடுத்த வாரம் துணி காயப்போடப் போனவள் மரத்தடியில் நின்றுவிட்டாள். வேரறுந்த கொடி வாடவே இல்லை. மேலிருந்து நூல்போல ஒரு விழுது இறங்கி, மண்ணுக்கு ஒரு சாண் மேலே பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது.