ஒரு சாண்

"இடுப்பைத் தூக்குடா, விரிப்பு மாட்டிக்கிச்சு" என்றாள் அக்கா.

படுக்கையில் கிடந்த அம்மாவின் இடுப்புக்கடியில் அவன் இரண்டு கைகளையும் நுழைத்துத் தூக்கினான். தூக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க லிஃப்ட் மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிற கை, பலத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டது. அம்மா வேண்டியதைவிட உயரமாக வந்துவிட்டாள்.

"மெதுவாடா! இது உன் மோட்டார் இல்ல, அம்மா."

அக்கா பழைய விரிப்பை உருவிப் புதியதைப் போட்டாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், எதையும் ஒரே திருப்பலில் முடித்துவிடுவாள். ஆனால் மூலை மடிக்க மட்டும் வராது. அம்மா இருபத்தாறு வருஷம் சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். கண் மூடியே இருந்தது. கை மட்டும் மெல்ல நகர்ந்து, படுக்கையின் ஓரத்தைத் தடவி, சுருக்கத்தைக் கண்டுபிடித்து நீவிவிட்டது.

"பாத்தியா, இந்த நிலைமையிலயும் என் வேலையில குத்தம் கண்டுபிடிக்குது" என்று அக்கா சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. "ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு." இன்றைக்குக் கிளப்பின் ஸ்பிரிண்ட் பந்தயம். வீட்டுக்கும் சைக்கிள் டிராக்குக்கும் நடுவில் ஒரு சந்தும் ஒரு மதிலும்தான். மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வளைவும் கொடிகளும் தெரியும்.

"ஜன்னலைச் சாத்தட்டுமாம்மா?"

அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஒரு நூலளவு அசைத்தாள். வேண்டாமாம்.

நேற்று வந்த டாக்டர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு. பேச வேண்டியதை எல்லாம் பேசிடுங்க." அக்காவுக்குப் பேச வேண்டியது எதுவும் பாக்கியில்லை. அவள் தினமும் அம்மாவோடு சண்டை போட்டு, தினமும் கணக்கை நேர் செய்துகொள்கிறவள். அவனுக்குத்தான் ஒன்று இருந்தது. பதினெட்டு வருஷமாக அது தொண்டைக்குக் கீழே இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அவன் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்திலேயே, ஞாயிறு தவறாமல் மகனோடு டிராக்குக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்த அம்மாவிடம், மணி அடிக்கிறவர் வராத ஒரு நாள், கிளப்காரர்கள் சுத்தியலைக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் ஒன்பது வருஷமாக நீண்டது. ஸ்பிரிண்ட் என்றால் இரண்டே பேர், மூன்றே சுற்று. பார்க்காதவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பேர்தான் வேகப் பந்தயம், முதல் இரண்டு சுற்றும் நத்தை ஊர்கிற மாதிரி போகும். பின்னால் ஒளிந்து வருகிறவனுக்குத்தான் லாபம் என்பதால், நீ முன்னால் போ, நீ போ என்று முறைத்துக்கொண்டு இரண்டு பேரும் சைக்கிள்மேல் அசையாமல் நின்றேவிடுவார்கள். நிற்கலாம், தப்பில்லை. பின்னால் உருளத்தான் கூடாது. உருண்டால் ஆட்டத்திலிருந்து வெளியே, அந்தக் கிளப்பில் ஒரு வருஷம் முழுக்க வெளியே.

கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி. அதற்கு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த வழி சுலபமானது. ஆளைப் பார்க்காதீங்க, கோட்டைப் பாருங்க. முதலில் வருகிறவனின் முன்சக்கரம் கோட்டைத் தாண்டினால் சிலேட்டில் ஒரு கீற்று. இரண்டாவது கீற்று போட்டதும் மணி.

வெளியூர்ப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் அது, இறுதிப் பந்தயம். முதல் சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியதுமே அவன் நின்றான். எதிராளி தபால்காரர் மகன். அவன் டிராக்கின் மேட்டுப்பக்கமாக ஒட்டி நின்றான். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். இவனுக்குத் தொடை வெடவெடவென்று நடுங்கியது. இவனுடைய சக்கரம் பின்னால் உருண்டு கோட்டுக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டது. சமாளித்து முன்னால் தள்ளிவிட்டான். மேட்டுமேல் நின்ற நடுவருக்கு இது தெரியாதபடி தபால்காரர் மகனின் உடம்பு மறைத்தது. தபால்காரர் மகனோ இவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்சக்கரம் இரண்டாவது தடவையாகக் கோட்டைத் தாண்டியது. சிலேட்டில் இரண்டாவது கீற்று விழுந்தது. அம்மா மணியை அடித்தாள்.

மணி கேட்டால் கால் யோசிக்காது. அதற்கப்புறமும் ஒரு சுற்று இருக்கிறது என்பதே மறந்துபோய், உயிரைக் கொடுத்து மிதித்துக் கோட்டை முதலில் தாண்டி, இரண்டு கைகளையும் தூக்கினான். தன் கணக்கைத் தானே வைத்திருந்த தபால்காரர் மகன், கை தூக்கி நின்ற இவனைத் தாண்டிப் போய் மிச்சச் சுற்றை ஓட்டி முடித்தான். மணி சும்மா ஒரு உதவிக்குத்தான், சுற்றை எண்ணுவது ஓட்டுகிறவன் பொறுப்பு என்று கமிட்டி கையை விரித்துவிட்டது.

அத்தனை பேர் முன்னாலும் அவன் அம்மாவைப் பார்த்துக் கத்தினான். "மூணு வரைக்கும் எண்ணத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு மணி?"

அம்மா சுத்தியலை மேஜைமேல் வைத்தாள். ஈரத்துணியால் சிலேட்டை அழித்தாள். கமிட்டிக்காரர்களிடம், "கண்ணு மங்கிடுச்சுங்க. தப்பு என்னுதுதான்" என்றாள். அடுத்த வாரமே கண்ணாடி போட்டுக்கொண்டாள். அதன்பிறகு டிராக் பக்கமே போகவில்லை.

சக்கரம் உருண்டதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு வருஷத் தடை, அடுத்த வருஷம் ஆள் எடுக்கிற பந்தயமும் கையைவிட்டுப் போகும். அடுத்த வருஷம் ஜெயித்துவிட்டு ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். அடுத்த வருஷம் எந்த மணியும் தப்பாமலே, மூன்று சுற்றும் சரியாக எண்ணி, சுத்தமாகத் தோற்றான். அப்புறம் சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. கோழைத்தனம், வேறென்ன.

அக்கா மருந்து வாங்கக் கீழே இறங்கினாள். அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

அம்மா கண்ணைத் திறந்தாள். அதே நேரம் கதவு தட்டப்பட்டது. கதவையும் நேரத்தையும் என்ன சொல்ல!

கிளப்பில் நேரம் பார்க்கிறவர் வந்திருந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. ஊரே அவரை நொடி அண்ணன் என்றுதான் கூப்பிடும். எதைச் சொன்னாலும் "எவ்வளவு?" என்று கேட்பார். காய்ச்சல் என்றால் எவ்வளவு, மழை என்றால் எவ்வளவு. தன் கல்யாணத்தில் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டவர்களிடமே அப்படித்தான் திருப்பிக் கேட்டாராம்.

"எப்படி இருக்காங்க?"

"மூச்சு விட்டு விட்டு வருதுண்ணே."

"எவ்வளவு விட்டு?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா. வாய் சும்மா இருக்காது. ஸ்பீக்கரைக் கொறைக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்ணே. அம்மாவுக்குக் கேக்கணுமாம்."

அவர் கட்டிலருகே போய்க் குனிந்தார். "அம்மா, நான்தான், நொடி. நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. அந்த மணி விஷயத்தை நாங்க எப்பவோ மறந்துட்டோம்."

மறந்துவிட்டோம் என்று பதினெட்டு வருஷம் கழித்து ஞாபகமாக வந்து சொல்கிறார், நல்ல மனுஷன். அம்மா நொடி அண்ணனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். "பைனல் முடிஞ்சதும் ஓடி வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். படியில் அக்காவும் அவரும் ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

மதியத்துக்குள் அரையிறுதிகள் முடிந்தன. டிராக்கில் மணி அடித்தபோதெல்லாம் அம்மாவின் புருவம் ஒருமுறை அசைந்தது. அக்கா ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள். பிறகு மேஜைமேலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து உறையில் போட்டாள்.

"இதை என்னடா பண்றது? யாருக்காவது குடுக்கலாம்னா, பவரே இல்லாத கண்ணாடி."

"என்னது?"

"வெறும் கண்ணாடிடா. உனக்குத் தெரியாதா? போன வருஷம் உடைஞ்சப்போ நான்தானே கடைக்கு எடுத்துட்டுப் போனேன். பவரே இல்லம்மா, இதை எதுக்குப் போடறாங்கன்னு கடைக்காரர் சிரிக்கிறார். அம்மாகிட்ட கேட்டா, முகத்துக்கு நல்லா இருக்குங்குது. இந்த வயசுல ஸ்டைலு!"

அவன் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தான். சுவரில் தொங்கிய நாள்காட்டியின் எழுத்து சின்னதாகவும் ஆகவில்லை, பெரியதாகவும் ஆகவில்லை. கழற்றிப் பார்த்தான். அப்படியேதான் இருந்தது.

"நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன், மூச்சு ரொம்ப இடைவெளி விடுது" என்று அக்கா சமையலறைப் பக்கம் போனாள்.

ஒலிபெருக்கியில் இறுதிப் பந்தயத்தை அறிவித்தார்கள். இனி எந்தக் கதவு தட்டினாலும் திறப்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அம்மா. அன்னைக்கு நீ தப்பா எண்ணல."

அவள் கண் அவன்மேல் வந்து நின்றது.

"என் சக்கரம் பின்னால உருண்டுச்சும்மா. நிக்க முடியல. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன். அதான் உனக்கு ரெண்டு ஆச்சு." இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான். "ரொம்ப இல்ல. ஒரு ரெண்டு விரக்கடை இருக்கும்."

அம்மாவின் வலது கை விரிப்பின்மேல் நகர்ந்தது. மறுபடி மூலையைத் தேடுகிறாளாக்கும் என்று நினைத்தான். கை நடுவிலேயே நின்றது. கட்டைவிரல் ஒரு பக்கமாக மெல்லப் போனது. சுண்டுவிரல் மறுபக்கமாகப் போனது. முடிந்த மட்டும் விரித்து, விரிப்பில் அழுத்தி வைத்தாள். முழுசாக ஒரு சாண்.

அவன் அந்தக் கையையே பார்த்தான்.

"தெரியுமா உனக்கு?"

உதடு ஒட்டியிருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினான். காதை வாயருகே கொண்டுபோனான்.

"கோட்டைத்தானடா பாக்கச் சொன்னாங்க" என்றாள் அம்மா.

அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்து, நாற்பத்தொரு வயசு ஆள் என்கிற வெட்கமெல்லாம் விட்டு, ஓவென்று அழுதான். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பேர் தப்பியிருக்கும். சொல்லாமல் போய்க் காசைக் கொட்டி ஒரு வெத்துக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பதினெட்டு வருஷம் காதில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

வெளியே ஒலிபெருக்கி திடீரென்று அடங்கியது. கூட்டமும் அடங்கியது. அவனுக்கு எழுந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். சைக்கிள்மேல், அசையாமல், ஒருவன் கண்ணை ஒருவன் பார்த்துக்கொண்டு. இந்த மாதிரி நேரத்தில் அறிவிப்பாளர்கூட இருமமாட்டார். அம்மாவின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்ததற்காகக் காத்திருந்தான். சமையலறையில் அக்கா யாரிடமோ விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் காத்திருந்தான்.

மணி அடித்தது. கூட்டம் ஹோவென்று எழுந்தது. அம்மாவின் புருவம் அசையவில்லை.

"அக்கா" என்றான். மறுபடியும் கூப்பிட்டான்.

அக்கா வந்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடா இது, நான் ஒரு போன் போட்டுட்டு வர்றதுக்குள்ள" என்று அம்மாவையே திட்டுகிற மாதிரி சொல்லிவிட்டு, கட்டில் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு அவள் எழுந்து கண்ணை மூடிவிட்டாள். போர்வையைச் சரிசெய்தாள். வலது கையை எடுத்து மடக்கப் போனாள்.

"இருக்கட்டும்க்கா."

"விரல் விரிஞ்சிருக்குடா."

"அப்படியே இருக்கட்டும்."

படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. நொடி அண்ணன் வாசலிலேயே நின்று, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றினார். ஸ்டாப்வாட்சைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார்.

"பரிசு குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை மைக்ல சொல்லிடறேம்பா" என்றார். "ஒன்பது வருஷம் மணி அடிச்சவங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கண்ணு ஏமாத்திடுச்சு. அது யாருக்கும் வரக்கூடியதுதான். அதையெல்லாம் சொல்லமாட்டேன், பயப்படாதே."

"சொல்லுங்கண்ணே."

"எதை?"

"அன்னைக்கு அவங்க சரியாத்தான் எண்ணினாங்கன்னு. நான் பின்னால உருண்டேன். கோட்டைத் தாண்டிப் பின்னால வந்து, மறுபடி முன்னால போனேன். அவங்க பாத்தாங்க. நான் வெளிய போயிடுவேன்னு சொல்லாம விட்டுட்டாங்க. அதை அப்படியே மைக்ல சொல்லுங்க."

அக்கா தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். பிறகு மேஜைமேலிருந்த கண்ணாடி உறையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

நொடி அண்ணனின் கை சட்டைக்குள் இருந்த வாட்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேட்கக்கூடாது என்று அவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது. முடியவில்லை.

"எவ்வளவு?" என்றார், மிகவும் தணிந்த குரலில்.

அவன் வாயைத் திறந்தான். ரெண்டு விரக்கடை என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான். எழுந்து, அவர் பார்க்கும்படி கட்டிலைவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றான்.

ஒரு சுருக்கமும் இல்லாத விரிப்பின்மேல் அம்மாவின் கை, வைத்த இடத்திலேயே விரிந்து கிடந்தது.