கொன்ஃபியான்சா: முப்பது கிராம் குறைவு

1

இந்தக் கதை ஒரு மழைநாளில் சன்னலோரம் உதித்தது என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். பொய். 2002இல் ஆரணியில், சந்திரமோகன் முதலாளியின் பட்டுக்கடையில் நான் குமாஸ்தா. ஸ்பெயினிலிருந்து ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் கடிதம் போட்டிருந்தார். மாதிரிகூடப் பார்க்காமல் பட்டு வாங்குகிறாராம். எங்கள்மேல் அவருக்குக் ‘கொன்ஃபியான்சா’ இருக்கிறதாம். அந்த ஒரு சொல் மட்டும் ஸ்பானிஷ்.

“இன்னாய்யா இது, எதுனா வியாதியா?” என்றார் முதலாளி.

2

(சிஸ்டர் ஜாய்ஸை வர்ணித்த பத்தியை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் அவர் வெறும் அகராதி.) ஊர்க் கான்வென்ட்டின் கன்னியாஸ்திரி, ஸ்பெயினில் ஆறு வருடம் இருந்தவர். கடிதத்தோடு அவரிடம் போனோம்.

“நம்பிக்கைன்னு வெச்சிக்குங்க. அத ஒருத்தருக்குக் குடுக்கறதுன்னும் சொல்வாங்க. நல்லா பழகினவங்ககிட்ட கூச்சமில்லாம இருக்கறமே, அதுக்கும் அதே வார்த்தைதான்” என்றார்.

முதலாளி நெகிழ்ந்துபோனார். கடிதத்தை வருவோர் போவோருக்கெல்லாம் படித்துக் காட்டினார். ‘கொன்ஃபியான்சா சில்க்ஸ்’ என்று புதுப் பலகைக்கும் சொல்லிவிட்டார்.

3

நெசவாளி அபிதகுசாம்பாள் வருகிறார். (அபிதா என்று சுருக்கலாமா? வேண்டாம், அவரிடம் குறைத்தது போதும்.) அடைமழையில் நாங்கள் நிறுத்துக் கொடுத்த பட்டு நூலை மூன்று சேலையாக நெய்து, நல்ல வெயிலில் கொண்டுவந்தார். தராசில் வைத்தேன். முப்பது கிராம் குறைந்தது.

[மழைக்காலத்தில் பட்டு ஈரத்தைக் குடித்து எடை கூடும், வெயிலில் இறங்கும். முதலாளிக்கு இது தெரியும். எனக்கும் தெரியும்.]

“நூலை எடுத்துட்ட. இனிமே உனுக்குப் பாவு கெடையாது” என்றார் முதலாளி.

தறியில் ஏற்றக் கடை கொடுக்கும் பாவு நூல் இல்லையென்றால் தறி சும்மா கிடக்கும். திருடி என்று பேர் வந்தபின் வேறெந்தக் கடையும் கொடுக்காது.

“அந்தம்மா உங்க மூஞ்சிகூட பாத்ததில்ல, நம்புது. நீங்க பதினாலு வருசமா என்னப் பாத்துகினுதானே கீறீங்க?”

4

முடிவு ஒன்று: முதலாளி மனம் மாறுகிறார். எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது.

முடிவு இரண்டு: அபிதகுசாம்பாள் தராசைத் தூக்கி எறிந்து—

இல்லை. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லுய்யா. தராசு பொய் சொல்லுமா?”

நான் உடனே

நான் அப்போது

நான் ஸ்பெயினுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்: ‘எங்களுக்கும் எல்லோர்மேலும் கொன்ஃபியான்சா உண்டு.’ கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தலையை நிமிர்த்தவில்லை. இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

ஆகவே சேலைகளைத் தராசுத் தட்டிலேயே விட்டுவைத்திருக்கிறேன். முதலாளியின் கேள்வி இப்போது உங்களுக்கு. மழை, வெயில், முப்பது கிராம் எல்லாம் நீங்களும் அறிவீர்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அபிதகுசாம்பாள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.