குற்றமில்லாத ஒருவர்

2003ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த கிழமை, ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வின்சன்றும் இமெல்டாவும் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு மேலே ஒரு கிரகம் வந்து நின்றது. ஒரு லொறியின் அளவு இருக்கும். நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து அளந்தார்கள். கூரையில் முட்டாதவரை தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான்காம் மாடி பல்கனியில் நின்றால் அங்குள்ள தெருக்களும் அரிசி அளவு மனிதர்களும் தெரிந்தார்கள். முகம் பார்க்க வேண்டுமானால் தூரக்கண்ணாடி தேவை.

வின்சன்ற் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஓய்வு நாட்களில் விஞ்ஞானக் கதை எழுதினார். அவை ஒரு தமிழ் மாத இதழில் வந்தன. அவருடைய விண்கலங்கள் செபம் சொல்லாமல் புறப்படுவதில்லை. யாழ்ப்பாணம் குருநகரில் மறைக்கல்வி படித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்: ஆதாமின் பாவம் எவ்வளவு தூரம் போகும்? இந்தப் பூமியோடு நின்றுவிடுமா, மற்ற நட்சத்திரங்களையும் போய்ப் பிடிக்குமா? 1998இல் மகன் கவிஷன் இறந்த பிறகு அது வெறும் கதைக்கான கேள்வியாக இருக்கவில்லை.

கவிஷன் மூன்று மாதக் குழந்தையாகத் தூக்கத்தில் இறந்தான். ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. பாரிசிலிருந்து ஞானத்தகப்பன் வரக்கூடிய நாளில் மண்டபம் கிடைக்கவில்லை. மண்டபம் கிடைத்த நாளில் வீடியோக்காரர் ஒரு கலியாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு வீட்டிலேயே கொடுக்க ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு வசனமும் போதும் என்பது தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியும். அவசரம் என்றுதான் தெரியவில்லை. அப்படிப்பட்ட குழந்தைகள் மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் ஓர் ஓரத்தில் நிற்பார்கள் என்று படித்திருந்த வின்சன்ற், ஐந்து வருடம் கழித்து மகனுக்கென்று ஒரு கிரகத்தை எழுதினார். அங்கே யாரும் பாவம் செய்ததில்லை. ஆகவே யாருக்கும் ஞானஸ்நானம் தேவைப்படவில்லை. இதழ் வெளிவந்த கிழமையே கிரகம் வந்தது. ஐந்து வயதுக் கவிஷன் அதன் தெருக்களில் ஓடித்திரிந்தான்.

இதழில் என்ன எழுதினாரோ அது அங்கே நடந்தது. "தலைமயிர் கண்ணுக்கை விழுது, வெட்டிவிடச் சொல்லி எழுதுங்கோ" என்பாள் இமெல்டா. அடுத்த இதழோடு முடி வெட்டப்பட்டிருக்கும். சோறும் காலுக்குச் சப்பாத்தும் அப்படியே போய்ச் சேர்ந்தன.

செபக்குழுத் தலைவி பிளோறன்ஸ் அக்கா ஒரு சனிக்கிழமை தன் ஆட்களோடு பார்க்க வந்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு தம்பி. ஆனா கோயிலைக் காணேல்லை."

"அங்கை ஒருத்தரும் பாவம் செய்யேல்லை அக்கா" என்றார் வின்சன்ற்.

"அப்ப எங்களைவிடத் திறமான ஆக்களோ?"

"கோயிலை நீர் எழுதிவிடும் தம்பி, பெருநாளை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்றார் அவருடைய கணவர். எல்லோரும் சிரித்தார்கள். பிளோறன்ஸ் அக்கா மட்டும் சிரிக்காமல் இமெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, சிலுவை இல்லாத இடத்திலை இருக்கிறவையை நாளைக்கு மோட்சத்திலை சந்திக்க ஏலாது. யோசிச்சுப் பார்."

இமெல்டா ஒரு வருடம் யோசித்தாள். பிறகு, "சிலுவையை எழுதுங்கோ" என்றாள்.

"இப்ப பாத்துக்கொண்டுதானே இருக்கிறம்" என்றார் வின்சன்ற்.

"செத்தாப் பிறகு?"

வின்சன்ற் பேனாவை எடுத்தார். அவரும் விசுவாசிதான்.

சிலுவையை மட்டும் தனியாக எழுத முடியவில்லை. சிலுவைக்கு முதலில் ஒரு பாவம் வேண்டும். ஒருவனைப் பொய் சொல்ல வைத்தார். அந்தப் பொய்யை நம்பிக் கோபப்பட ஒரு கூட்டம் தேவைப்பட்டது, ஆணி அடிக்க ஆள் தேவைப்பட்டது, பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். கிரகம் சிறியது. எல்லோருக்கும் ஏதாவது ஒரு குற்றம் கிடைத்தது. மகனுக்கு எழுதத்தான் அவருக்குக் கை வரவில்லை. கடைசியில், பெயர் போடாமல், குற்றமில்லாத ஒருவர் சிலுவையில் அறையப்பட்டார் என்று எழுதி அனுப்பினார். அங்கே அப்படி மிஞ்சியிருப்பது யார் என்று அவருக்கு விளங்கியபோது இதழ் தபாலில் போய்விட்டது.

2006ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று செபக்குழு பல்கனியில் முழங்காலில் நின்று சிலுவைப்பாதை சொன்னது. இமெல்டா உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கவிஷனுக்கு எட்டு வயது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுவதை வின்சன்ற் அடுத்த இதழில் எழுதினார், அதற்கடுத்த இதழிலும் எழுதினார். அது நடக்கவில்லை. மற்றதெல்லாம் அவராக யோசித்து எழுதியவை. இதை மனப்பாடத்திலிருந்து எழுதினார்.

மறுவருடம் சித்திரையில் ரோமிலிருந்து செய்தி வந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மோட்சம் சேர்வார்கள் என்று நம்ப இடமுண்டு என்று இறையியல் அறிஞர்கள் சொல்லியிருந்தார்கள். பிளோறன்ஸ் அக்கா பத்திரிகையை எடுத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"நல்ல செய்தி என்ன, இமெல்டா!"

"ஓம் அக்கா" என்றாள் இமெல்டா. "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

கிரகம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அங்குள்ளவர்கள் கதவுகளுக்குப் பூட்டுப் போடத் தொடங்கிவிட்டார்கள். கோயிலும் கட்டியிருக்கிறார்கள், பெரியது. ஞாயிறு காலையில் அதன் மணி நான்காம் மாடிவரை கேட்கும். வின்சன்ற் சட்டையை மாட்டிக்கொண்டு பூசைக்குப் புறப்படுவார்.