மூன்றாம் நாள் பந்தல்

வீதியை அடைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஊர் முழுக்கக் கத்தியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டு என்னை முறைக்க வேண்டாம்.

1958-ல் கோயமுத்தூரில் எங்கள் பஞ்சுக் கிடங்கு வீதியில் ஏழு கிடங்குகள் இருந்தன. பெரியது என்னுடையது. வேங்கடசாமி நாயுடு கிடங்கு என்றால் சிங்காநல்லூர் மில்காரர்கள் வரைக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு வரத் தொடங்கும் லாரிகள் பொழுது சாயும்வரை ஓயாது. வீதியோ, இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய அகலம். நடுவில் மாட்டு வண்டிகள் வேறு. இதற்குள் புகுந்துதான் பின்பக்கத்துச் சந்துப் பிள்ளைகள் வீதிக் கோடியில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போவார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு லாரி பின்னோக்கி வந்தபோது, ஜன்னத் என்ற ஒன்பது வயதுப் பெண் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக் கால் எலும்பு முறிந்துவிட்டது. என் கிடங்கில் சரக்கு ஏற்ற வந்த லாரி. "லாரி என்னுதில்லீங்க, மில்லுக்காரங்களுது" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அவள் அப்பா ரசாக் மெத்தை தைக்கிறவர். உயிரோடு இருந்தவரை என்னிடம்தான் பஞ்சு வாங்குவார். அவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா ரம்ஜான் பீவி தலையணை தைத்துக் காலத்தை ஓட்டினாள். கட்டுப் பிரித்த பிறகும் ஜன்னத் விந்தி விந்தித்தான் நடந்தாள். லாரி வந்தால் இவளால் விலகி ஓட முடியாது என்று பீவி அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டாள்.

தலைமையாசிரியை லட்சுமியம்மாள் சும்மா இருக்கவில்லை. நகரசபைக்கு மனு எழுதினார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் லாரியும் வண்டியும் வீதிக்குள் வரக்கூடாது, பிள்ளைகள் நடக்கட்டும். கேட்டது அவ்வளவுதான். ஆட்சேபணை உள்ளவர்கள் ஐப்பசி கடைசியில் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் கூட்டத்தில் சொல்லலாம் என்று விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதைப் படித்ததும் எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. டீக்கடையில் நின்று சத்தம் போட்டேன்.

"இன்னிக்கு நடக்கறதுக்கு ஒரு நேரம்பாங்க. நாளைக்கு தும்மறதுக்கு ஒரு நேரம்னு போர்டு மாட்டுவாங்களாட்ட இருக்குது. நம்ம சரக்கு என்ன, ஆகாயத்துலயா வரும்?"

டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் கூலி போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை ஊட்டியதும் நான்தான். இன்னொரு பக்கம், பிள்ளை குட்டி உள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் என்ன கெட்டுப்போகும் என்றார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் கூட்டம் அதிகம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கார்த்திகையில் என் மகள் ராமாமணிக்குக் கலியாணம் வைத்திருந்தோம். வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெற்றிலை பாக்குத் தட்டோடு ஒருவர் வாசலுக்கு வந்துவிட்டால், அவர் பகையாளியாகவே இருந்தாலும் பாய் விரித்து உட்கார வைப்பார்கள். தட்டு வீட்டுக்குள் இருக்கும்போது "முடியாது" என்ற சொல் யார் வாயிலும் வராது. சுபகாரியத்துக்கு ஆகாது. அந்தத் தட்டில், பத்திரிகைக்கு அடியில், ஆட்சேபணை மனுவை மடித்து வைத்துக்கொண்டேன்.

என் மனைவி கனகம் வாசற்படியிலேயே தடுத்தாள்.

"ஏனுங்க, கலியாணம் சொல்லப் போற தட்டுல இது எதுக்குங்க?"

"ஒரே நடையில ரெண்டு வேலை முடியுமில்ல? நீ பேசாம வா."

அவள் பேசாமல்தான் வந்தாள். வீட்டுக்கு வீடு அவள் குங்குமம் கொடுத்து அழைப்பாள். அவர்கள் தட்டைத் தொட்டு வாங்கிக்கொண்டதும் நான் மனுவையும் பேனாவையும் நீட்டுவேன். டீக்கடையில் என்னோடு மல்லுக்கு நின்றவர்கள்கூடத் தலையைச் சொறிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரம்ஜான் பீவி வீடு கடைசி. அங்கே போகாமலே இருந்திருக்கலாம். ஐம்பத்திரண்டு கையெழுத்து சேர்ந்தாகிவிட்டது. ஆனால் கால் முறிந்த பெண்ணின் தாயே எதிர்க்கிறாள் என்றால் அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? அந்தக் கணக்கில்தான் போனேன்.

எங்களைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஞ்சை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தட்டை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதலாளி எங்க ஊட்டுக்கும் வந்து கூப்படறீங்களே, இதுக்கு நாங்க என்னுங்க செய்யப் போறோம். அம்மணி மகராசியா இருக்கோணுங்க."

நான் மனுவை எடுத்தேன். "இதுல ஒரு ரேகை வெச்சுக் குடுத்துருங்க அம்மணி. வீதியில எல்லாரும் போட்டாச்சு."

அவள் அதை வாங்கவில்லை. "டீச்சரம்மா எழுதுனாங்களே, லாரி வரக்கூடாதுன்னு. அதுக்கு எதுப்புங்களா?"

"ஆமாங்க."

மடியில் இருந்த தட்டைப் பார்த்தாள். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜன்னத்தைப் பார்த்தாள். கனகம் தலையைக் குனிந்துகொண்டாள். பீவி கட்டைவிரலை நீட்டினாள். அதற்கென்று கையில் கொண்டுபோயிருந்த மைப் பெட்டியை நானே திறந்து கொடுத்தேன்.

கூட்டத்துக்கு நகரசபை உறுப்பினர் உமர் பாரூக் தலைமை தாங்கினார். லட்சுமியம்மாள் பத்து நிமிஷம் நிதானமாகப் பேசினார். நான் அரை மணி நேரம் பேசினேன். மில்கள், ஆயிரம் குடும்பங்கள், நாட்டின் முன்னேற்றம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வீதியை ஒரு நாள் அடைத்தாலும் மீள முடியாது என்று மேசையைத் தட்டினேன். பிறகு பெயர்களை வாசித்தேன். கடைசிப் பெயரை வேண்டுமென்றே சத்தமாக வாசித்தேன்.

லட்சுமியம்மாள் எழுந்துவிட்டார். "அந்தப் பேரு அதுல இருக்காதுங்க. இருக்கவே இருக்காது."

உமர் பாரூக், பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். ரம்ஜான் பீவி எழுந்து நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேர் நடுவில் என் மானம் கப்பலேறியிருக்கும்.

"என் ரேகைதானுங்க. நாந்தானுங்க வெச்சேன்."

அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். லட்சுமியம்மாள் தன் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் மனு தள்ளுபடி ஆயிற்று. எனக்கு அப்போதே வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். கனகம்தான் சாப்பிடவில்லை.

கலியாணத்துக்கு என் வீட்டு முற்றம் போதாது. கிடங்கைக் காலிசெய்து பந்திக்கு ஒதுக்கினேன். வீதியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் பெரிய பந்தல் போட்டேன். இரண்டு நாள் வீதி அடைப்பு. மற்றக் கிடங்குக்காரர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. லாரிகள் மெயின் ரோட்டிலேயே நின்றன. ஆட்கள் கைவண்டியில் பொதிகளைக் கொண்டுபோய் ஏற்றினார்கள். ஒரு பொதிகூடத் தேங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாம் நாள் காலைவரை இதில் ஒரு விநோதமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை முகூர்த்தம் முடிந்து, பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். ரம்ஜான் பீவி கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். அவளே தைத்த இரண்டு தலையணைகள், பட்டுத் துணியில். அவளுக்கு முன்னால் ஜன்னத் வந்தாள். சுவரோரமாக அல்ல. வீதிக்கு நட்டநடுவில், கையை வீசிக்கொண்டு, விந்தி விந்தி. தோளில் பள்ளிக்கூடப் பை.

"மாமா, நேத்தும் பள்ளிக்கொடம் போனனுங்க. இன்னிக்கும் போறனுங்க" என்றாள். பிறகு பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கும் இது இருக்குங்களா?"

பக்கத்தில் மற்றக் கிடங்குக்காரர்கள் நின்றிருந்தார்கள். கூட்டத்தில் எனக்குக் கை தட்டியவர்கள். என் கையில் இருந்த கிண்ணம் சாய்ந்து சந்தனம் வேட்டியில் கொட்டியது.

பீவி ஓடிவந்து பிள்ளையின் தோளைப் பிடித்தாள். "சும்மா இரு கண்ணு." என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புள்ளைக்கு வெவரம் தெரியாதுங்க மொதலாளி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. "இருக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பந்தல்காரர்கள் வந்தார்கள். ஒரு நாள் பொறுத்துப் பிரிக்கச் சொன்னேன். கிடங்குக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "கலியாணந்தான் முடிஞ்சுதுங்களே, இன்னும் என்னத்துக்குங்க பந்தலு?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால், நான் மேசையைத் தட்டிப் பேசியதெல்லாம் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். மருமகன் ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் பேர் வர வேண்டியிருக்கிறது என்று புளுகினேன். அன்றைக்கும் ஜன்னத் நடுவீதியில் பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

நான்காம் நாள் பந்தல்காரர்களும் கிடங்குக்காரர்களும் மறுபடி வந்தார்கள். புளுகுவதற்கும் எதுவும் மிச்சமில்லை. பிரித்துவிடச் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன், யாரும் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை.

எட்டரை மணிக்குக் கடைசி மூங்கிலும் போய்விட்டது. முதல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஜன்னத் பையை மாட்டிக்கொண்டு சந்து முனைக்கு வந்தாள். மேலே பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த என்னை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வழக்கம்போலக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எனக்கு சலாம் வைத்திருப்பாள். அவள் அம்மா அப்படித்தான் வளர்த்திருந்தாள். அதற்குப் பயந்து நான் கல்லாப் பெட்டியின் மூடியைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.